பேசியே சட்டத்தை நிறுத்துவது நமக்கு லாபமா, நஷ்டமா?

நம் பொதுக்குழுவில் நாம் பார்க்காததா? சந்தா உயர்வுத் தீர்மானம் வரும் நேரம் பார்த்து ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொள்வார். தராசு முத்திரையில் ஆரம்பித்துத் தெருக் குப்பை வரை பேசுவார். சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அமெரிக்காவின் செனட் சபையில் இதற்குப் பிலிபஸ்டர் என்று பெயர். கடற்கொள்ளைக்காரனைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அதே டச்சுக்காரர்களின் மொழிதான்.

செனட்டில் பேச்சுக்கு நேர வரம்பு கிடையாது. 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்பவர் கறுப்பின மக்களின் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். அப்படியும் மசோதா நிறைவேறியது. பேச்சை முடித்து வைக்க 1917-ல் ஒரு விதி வந்தது. 1975 முதல் அதற்கு 100 பேரில் 60 பேர் ஆதரவு வேண்டும். எனவே இன்று யாரும் நின்று பேசக்கூட வேண்டியதில்லை. 60 பேர் சேராவிட்டால் பெரும்பாலான மசோதாக்கள் அப்படியே நின்றுவிடும். சிறுபான்மையினரின் குரலுக்கு இது பாதுகாப்பு என்கிறார்கள் ஒரு சாரார். பெரும்பான்மை பெற்றவர்களை வேலை செய்ய விடாமல் கட்டிப்போடும் கயிறு என்கிறார்கள் மற்றவர்கள்.

நம் நாடாளுமன்றத்தில் இந்த வழி இல்லை. ஒவ்வொரு விவாதத்துக்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. மானியக் கோரிக்கைகளுக்கான கடைசி நாளில், விவாதிக்காமல் மிச்சமிருப்பவற்றை மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். இதற்குக் கில்லட்டின் என்று பெயர். ஆனால் கூச்சலிட்டு அவையை நடக்க விடாமல் செய்வது இங்கு உண்டு. அதனால் நாம் பலன் அடைந்ததும் உண்டு.

2011 நவம்பர் 24-ல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. டிசம்பர் 1-ல் நாடெங்கும் வணிகர்கள் கடையடைத்தார்கள். நாடாளுமன்றம் நாள்கணக்கில் முடங்கியது. டிசம்பர் 7-ல் முடிவை நிறுத்திவைப்பதாக நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி அறிவித்தார். நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அவையை முடக்கியது தவறு என்று அன்று நம்மில் ஒருவரும் சொல்லவில்லை.

அதே கூட்டத்தொடரில்தான் லோக்பால் மசோதாவும் வந்தது. டிசம்பர் 27-ல் மக்களவை நிறைவேற்றியது. 29-ந் தேதி மாநிலங்களவையில் 187 திருத்தங்கள் குவிந்தன. நள்ளிரவு வரை பேச்சு நீண்டது. ஒரு உறுப்பினர் மசோதா நகலைக் கிழித்தெறிந்தார். ஓட்டெடுப்பு நடக்காமலே அவை ஒத்திவைக்கப்பட்டது. அந்தச் சட்டம் 2013 டிசம்பரில்தான் நிறைவேறியது. லஞ்சம் கொடுத்தே லைசென்சு வாங்கிப் பழகிய நமக்கு அந்த இரண்டு வருட தாமதம் நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

ஜி.எஸ்.டி. கதை வேறு மாதிரி. 2015 மே 6-ல் மக்களவையில் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்த மசோதா, மாநிலங்களவையில் 2016 ஆகஸ்டு 3 வரை இழுத்தது. இடையில் அவை முடக்கமும் நடந்தது, பேரமும் நடந்தது. கடைசியில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு விதிக்க இருந்த 1 சதவீதக் கூடுதல் வரி கைவிடப்பட்டது. வெளிமாநிலத்துச் சரக்கை எடுத்து விற்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வரி முறை எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பு வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் பயம் என்று தவித்தவர்களும் நாம்தான்.

வேகமும் ஆபத்துதான். 2020 செப்டம்பர் 20-ல் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் ஓட்டிலேயே முடிந்தன. எண்ணிப் பார்க்கக் கேட்டும் எண்ணவில்லை. அந்தச் சட்டங்களை 2021 நவம்பரில் திரும்பப் பெற்றபோதும் விவாதம் இல்லை. ஆகவே முடக்குவதைவிட முறையாக ஓட்டுக்கு விடுவதே மேல் என்பது எங்கள் எண்ணம். நமக்குத் தோல்வி வந்தாலும்தான். தோல்வி வந்ததும் உண்டு. அந்நிய முதலீட்டு முடிவு 2012 செப்டம்பரில் திரும்ப வந்தது. டிசம்பர் 5-ல் மக்களவை ஓட்டெடுப்பில் அரசு 253-க்கு 218 என்றும், 7-ல் மாநிலங்களவையில் 123-க்கு 109 என்றும் ஜெயித்தது. ஆனால் நடைமுறைப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று விட்டிருந்ததால், தமிழ்நாட்டில் அனுமதிப்பதில்லை என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சொல்லிவிட்டார்.