ஒப்புக்கொண்டவர் எல்லாம் குற்றவாளியா?
குற்றவியல் நீதியில் உளவியலாளரின் பணி

சென்ற வருடம் அளவையியல் பாடவேளையில் ஆசிரியை எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஒருவர் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகும் சான்று தேவையா?" வகுப்பில் அநேகர் தேவையில்லை என்றனர். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று யார்தான் சொல்வார் என்பது அவர்களின் வாதம். நான் பேசாமல் இருந்தேன். அதற்கொரு காரணம் இருந்தது.

நான் மாணவத் தலைவியாக இருந்த காலத்தில், தரம் 8 வகுப்பொன்றில் கல்விச் சுற்றுலாவுக்காகச் சேர்த்த பணம் காணாமற்போனது. இடைவேளையில் வகுப்பறைக்குள் தனியாக இருந்தவள் என்று ஒரு பிள்ளையைக் காட்டினார்கள். நானும் இன்னும் இரு தலைவியரும் அவளை ஓர் அறையில் இருத்தி விசாரித்தோம். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "சொன்னால் விட்டுவிடுவோம், சொல்லாவிட்டால் உம்மாவைக் கூப்பிடுவோம்" என்பதை மட்டும் மாறி மாறிச் சொன்னோம். முக்கால் மணித்தியாலத்தின் பின் அவள் அழுதுகொண்டு "நான்தான் எடுத்தேன்" என்றாள். எங்கே வைத்தாய் என்று கேட்டோம். புத்தகப் பைக்குள் என்றாள், அங்கே இல்லை. பிறகு மதிலோரம் என்றாள், அங்கும் இல்லை. பணத்தை ஒளிக்கிறாள் என்றே முடிவுகட்டினோம். மூன்றாம் நாள், பழைய புள்ளிப் பதிவேடு ஒன்றின் மட்டைக்குள் அந்தக் கடித உறை அப்படியே இருந்தது.

ஆசிரியையின் கேள்விக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிஸ்லி குட்ஜோன்சன் என்ற உளவியலாளரின் பெயர் முதலில் வந்தது. ஐஸ்லாந்து நாட்டவரான அவர் 1970களின் நடுப்பகுதியில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் பொலிஸ் துப்பறிவாளராக வேலை செய்தவர். அக்காலத்தில் ஒரு பெண்ணின் பணப்பை திருடப்பட்டதாக முறைப்பாடு வந்தது. அவர் ஒரு மனிதரை விசாரித்தார். அந்த மனிதருக்குக் குடிப்பழக்கத்தால் நினைவு தவறிப்போவதுண்டு. நடந்தது தனக்கு நினைவில்லை, ஆனாலும் தானே எடுத்திருக்க வேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார். பின்னர் பார்த்தால் பை திருடப்படவே இல்லை! பொய் சொல்ல எந்த இலாபமும் இல்லாத ஒரு மனிதர் ஏன் அப்படிச் சொன்னார் என்ற கேள்வி குட்ஜோன்சனை விடவில்லை. பின்னாளில் அவர் இலண்டனில் உளவியல் ஆய்வாளரானார்.

நீதிமன்றத்துக்கு வரும் உளவியலாளரை எம்மில் பலர் தொலைக்காட்சி நாடகங்களில்தான் கண்டிருக்கிறோம். முகத்தைப் பார்ப்பார், கண் அசைவைக் கவனிப்பார், "இவன் பொய் சொல்கிறான்" என்பார். உண்மையில் அப்படிப்பட்ட வல்லமை மனிதருக்கு இல்லை. தோற்றத்தையும் பேச்சையும் மட்டும் வைத்து மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய முயன்றால், நூறில் சுமார் 54 தடவைதான் சரியாக வரும் என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது கொஞ்சம்தான் மேல்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். உளநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முதலாமவர் மருத்துவம் படித்து நோயைக் கண்டறிந்து மருந்து தருபவர். குற்றம் நடந்த வேளையில் ஒருவரின் சித்தம் சரியாக இருந்ததா என்ற கேள்வி பெரும்பாலும் அவரிடமே போகும். உளவியலாளரோ நினைவாற்றல், புத்திக்கூர்மை, பிறர் சொல்லுக்கு வளையும் தன்மை முதலியவற்றைச் சோதனைகளால் அளப்பவர். சாட்சி சொல்லும் சிறுவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது, கைதி ஒருவர் திருந்தி வாழ எத்தகைய உதவி தேவை என்பவற்றிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் நான் எழுத வந்தது ஒப்புதல் வாக்குமூலம் பற்றித்தான்.

குட்ஜோன்சன் 1984இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சோதிக்கப்படுபவருக்கு ஒரு சிறு கதை வாசித்துக் காட்டப்படும். அவர் தமக்கு நினைவிருப்பதைச் சொன்ன பிறகு 20 கேள்விகள் கேட்கப்படும். அவற்றில் 15, கதையில் இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டி வழிதவறச் செய்பவை. எத்தனை கேள்விகளுக்கு அவர் இணங்கிப் போகிறார் என்பது முதலாவது அளவு. அதன்பின் சோதிப்பவர் சற்றுக் கண்டிப்பான குரலில், "நீங்கள் பல பிழைகள் விட்டிருக்கிறீர்கள், மீண்டும் பதில் சொல்லுங்கள்" என்பார். உண்மையில் பிழை விட்டாரோ இல்லையோ அப்படித்தான் சொல்லப்படும். அந்தக் குரலுக்குப் பயந்து எத்தனை பதில்களை மாற்றுகிறார் என்பது இரண்டாவது அளவு. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் விசாரணை அறைதான் கண்முன் வந்தது. அந்தக் கண்டிப்பான குரலை நாங்கள் முக்கால் மணித்தியாலம் பாவித்திருந்தோம்.

இத்தகைய அளவீடு ஒரு மனிதரின் வாழ்க்கையையே மாற்றிய வழக்கொன்று இங்கிலாந்தில் நடந்தது. 1985 ஒக்டோபரில் இலண்டனின் டொட்டன்ஹாம் பகுதியில் மூண்ட கலவரத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்காக ஆயுள் தண்டனை பெற்ற மூவரில் ஒருவர் எஞ்சின் ரகிப். சம்பவ வேளையில் அவருக்கு வயது 19. எழுத வாசிக்கத் தெரியாதவர். சட்டத்தரணி அருகில் இல்லாமல் பல நாட்களாகத் திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்ட பின் அவர் சொன்ன வார்த்தைகளே அவருக்கு எதிரான சான்றாயின. அவரது நுண்ணறிவு ஈவு 74 என்று உளவியல் சோதனை காட்டியது. ஆனால் அக்கால வழக்கப்படி, 69 அல்லது அதற்குக் குறைந்த ஈவு உள்ளவர்கள் விடயத்தில்தான் நீதிமன்றம் உளவியலாளரின் கருத்துக்குச் செவிசாய்க்கும். 69 என்றால் கேட்போம், 74 என்றால் கேட்க மாட்டோம்! ஐந்து புள்ளிகளில் ஒரு மனிதரின் ஆயுள் தொங்கிக்கொண்டிருந்தது. 1988இல் அவருடைய முதல் முயற்சி தோற்றது. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. எண் எதுவாயினும், அளவுகடந்து பிறர் சொல்லுக்கு வளைபவர் என்பதற்கு நிபுணர் சான்று இருந்தால் அது கேட்கப்பட வேண்டும் என்று கூறி, ரகிப்புக்கு எதிரான தீர்ப்பை இரத்துச் செய்தது. சட்டம் படிக்க நினைக்கும் தங்கைகள் இந்த வழக்கைத் தேடி வாசிக்கலாம்.

இங்கே உளவியலாளர் "இவர் நிரபராதி" என்று சொல்லவில்லை. அது அவரது வேலையும் அல்ல. இந்த வாக்குமூலத்தின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதை மட்டுமே அவர் நீதிபதிக்குக் காட்டுகிறார்.

ஆனால் புத்தி குறைந்தவர்கள்தான் இப்படிச் சிக்குவார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஐஸ்லாந்திலேயே 1974இல் இரண்டு ஆண்கள் வெவ்வேறு வேளைகளில் காணாமற்போனார்கள். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு இளையவர்கள் கைதாகி, தனிமைச் சிறையில் நீண்ட காலம் அடைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் தனிமையில் கழித்த நாட்கள் 600க்கும் மேல். எல்லோரும் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். சிலர் தம் நினைவையே சந்தேகித்து, ஒருவேளை செய்திருப்போமோ என்று நம்பத் தொடங்கினார்கள். தன் நினைவின் மேல் ஒருவர் நம்பிக்கை இழக்கும் இந்த நிலைக்குப் பெயரிட்டு விளக்கியவர்களுள் குட்ஜோன்சனும் ஒருவர். பல்லாண்டுகளின் பின் அந்த வழக்கை மீளாய்வு செய்த குழுவிலும் அவர் இருந்தார். 2018 செப்டெம்பரில் ஐஸ்லாந்து உயர் நீதிமன்றம் ஐவரை விடுதலை செய்தது. அதற்குள் அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள்.

உளவியலாளரின் ஆய்வு நீதிமன்றத்துக்குள் மட்டும் நிற்கவில்லை. இங்கிலாந்துப் பொலிஸார் 1990களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டு, தகவல் திரட்டுவதை நோக்கமாக்கினார்கள். செய்தவரிடம் பொலிஸாருக்குத் தெரியாத விபரம் இருக்கும். செய்யாதவர் விசாரிப்பவர் வாயிலிருந்து வந்ததையே திருப்பிச் சொல்வார். பணம் எங்கே என்று கேட்டபோது அந்தப் பிள்ளை தடுமாறினாளே, அது ஒளிப்பு அல்ல. அவளிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

எமது நாட்டுச் சட்டம் இந்த ஆபத்தை உளவியலுக்கு முன்பே உணர்ந்திருந்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிராளிக்கு எதிராக எண்பிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விதிவிலக்கு வைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளித்த ஒப்புதலை அது ஏற்றுக்கொண்டது. அந்த விதிவிலக்கு பற்றிய விவாதம் நெடுநாளையது. பெரியவர்கள் அதைப் பேசட்டும். பள்ளிக்கூடத்து விசாரணைகளுக்கு எந்தப் பிரிவும் இல்லை என்பதுதான் எனக்குப் பட்டது.

இக்கட்டுரையை எழுதுமுன் அந்தப் பிள்ளையைத் தேடிப் போனேன். இப்போது தரம் 11இல் படிக்கிறாள். அன்று நாங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. பணம் கிடைத்த சந்தோஷத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. வருடங்கள் பிந்திக் கேட்டேன். எழுதட்டுமா என்றும் கேட்டேன். "பெயர் போடாம எழுதுங்க ராத்தா" என்றாள்.

"எடுக்காத காசை ஏன் எடுத்தேன் என்று சொன்னாய்?"

கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு மணி பஸ் போகப் போகுதுன்னு பயம் ராத்தா. எனக்கு வீட்டுக்குப் போகணும் போல இருந்திச்சு."