பனிமலையின் வரவுசெலவு

நுழையும்முன்

ஒரு குடும்பத்தின் கையிருப்பு வளர்கிறதா, தேய்கிறதா என்பதை ஒருநாள் கணக்கைக் கொண்டு அறிய இயலாது. இயற்கையின் கருவூலங்களுக்கும் இது பொருந்தும். இமயத்துப் பனியாறு ஒன்றை ஆண்டுதோறும் அளந்துவரும் அறிவியலாளரின் உழைப்பையும் அவ்வுழைப்பு உணர்த்தும் உண்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் பனியாறும்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஏரியைப் பார்த்து வளரும் மாணவர், நீர்நிலையின் வரவுசெலவை இயல்பாகவே அறிவர். வடகிழக்குப் பருவமழை அதன் வரவு. வெயிலில் ஆவியாவதும் நிலத்துள் ஊறுவதும் அதன் செலவு. ஐப்பசியில் நிரம்பிய ஏரியைக் கண்டு நீர்வளம் பெருகிவிட்டது என்பதும், வைகாசியில் வற்றிய ஏரியைக் கண்டு அது அழிந்துவிட்டது என்பதும் பிழை. பல்லாண்டுக் கணக்கே உண்மையைக் கூறும்.

பனியாறும் அத்தகையதே. மலையின் மேற்பகுதியில் பொழியும் பனி, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகி, மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. மேற்பகுதியில் பனி சேர்கிறது; கீழ்ப்பகுதியில் உருகுகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும் இடைப்பட்ட எல்லையைச் சமநிலைக் கோடு என்பர். உருகுதல் மிகும் ஆண்டுகளில் இக்கோடு மலைமேல் ஏறும்.

சோட்டா சிக்ரி

இமாச்சலப் பிரதேசத்தின் லாகூல்-ஸ்பிதி மாவட்டத்தில், சந்திரா ஆற்றுப் படுகையில் அமைந்துள்ளது சோட்டா சிக்ரி பனியாறு. இதன் நீளம் ஏறத்தாழ 9 கி.மீ.; பரப்பு ஏறத்தாழ 15.5 சதுர கி.மீ. இதன் உருகுநீரைப் பெறும் சந்திரா, தாண்டி என்னுமிடத்தில் பாகாவுடன் கூடிச் செனாப் ஆறாகிறது. 2002ஆம் ஆண்டு முதல் புதுதில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரெஞ்சு அறிவியலாளர்களுடன் இணைந்து இப்பனியாற்றை இடைவிடாது அளந்துவருகின்றனர். இமயமலையில் களத்தில் நின்று தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட நீண்ட அளவீடுகளுள் இது முதன்மையானது.

மூங்கிற்கழி சொல்லும் கணக்கு

அளக்கும் முறை எளியது; அளப்பதே அரியது. உருகும் பகுதியில் பனிக்கட்டியைத் துளையிட்டு மூங்கிற்கழிகளை நடுவர். சென்ற ஆண்டு 1 மீட்டர் வெளியே தெரிந்த கழி, இவ்வாண்டு 3 மீட்டர் தெரியுமாயின், அவ்விடத்தில் 2 மீட்டர் பனிக்கட்டி கரைந்துள்ளது எனக் கொள்வர். பனிக்கட்டி நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின் அவ்விழப்பு ஏறத்தாழ 1.8 மீட்டர் நீருக்குச் சமம். மேற்பகுதியில் குழி தோண்டி, அவ்வாண்டுப் பனியின் தடிமனையும் அடர்த்தியையும் அளப்பர். பின்னர், பரப்பிற்கேற்ப இரண்டையும் கூட்டிக் கழித்து நிகர இருப்பைக் காண்பர். அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவதே பனியாற்றின் கணக்காண்டு.

2002 முதல் 2019 வரையிலான அளவீடுகளின்படி, சோட்டா சிக்ரி ஆண்டுக்குச் சராசரியாக 0.46 மீட்டர் நீருக்கு இணையான நிறையை இழந்துள்ளது. பரப்போடு பெருக்கிப் பார்த்தால், இஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி லிட்டர் ஆகும். சில ஆண்டுகளில் வரவு மிகுந்ததும் உண்டு. அவ்வாண்டுகளை மட்டும் கண்டவர் பனியாறு வளர்கிறது என்றே கருதியிருப்பர்.

அவசர முடிவும் அளந்த முடிவும்

2007ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டுக் காலநிலை அறிக்கை ஒன்றில், இமயப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டிற்குள் மறைந்துவிடக்கூடும் என்னும் கூற்று இடம்பெற்றது. அதற்குத் தக்க சான்று இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அறிக்கையை வெளியிட்ட குழு, 2010இல் அப்பிழையை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் தேய்கின்றன என்பது மெய். ஆயினும், அளவாத வேகத்தைக் கூறியது பிழை. மிகைப்படுத்திய உண்மையும் ஐயத்திற்கே இடமளிக்கும் என்பது இந்நிகழ்வு தரும் பாடம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. பனியாறு தேயத் தொடங்கும்போது ஆற்றில் நீர் பெருகும். அது வளமன்று, முதலை எடுத்துச் செலவிடும் குடும்பத்தின் செழிப்பு. ஓர் உச்சத்திற்குப் பின் அந்நீர் குறையத் தொடங்கும். அப்போது கோடையில் உருகுநீரை நம்பிய உழவர் இடர்ப்படுவர்.

நமக்கும் உரியது

இமயம் சேலையூருக்குத் தொலைவில் உள்ளது. எனினும், உலகப் பனியாறுகள் இழக்கும் நீர் இறுதியில் கடலையே சேர்ந்து அதன் மட்டத்தை உயர்த்துகிறது. தென்சென்னைப் புறநகர் ஏரிகளில் மிகும் நீரோ, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வழியாகக் கடலை நாடுகிறது. கடல்மட்டம் உயருமாயின் மழைவெள்ளம் வடிவது அரிதாகும். ஆதலால், பனிமலையில் நட்ட மூங்கிற்கழியின் கணக்கு நம் தெருவின் கணக்குமாகும். ஆரவாரமின்றி ஆண்டுதோறும் ஏறிச்சென்று அளப்பவரின் பொறுமையே, நாளைய தலைமுறைக்கு நம்பத்தகுந்த உண்மையை வழங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

சுவீடன் நாட்டின் ஸ்டோர்கிளாசியாரென் பனியாற்றின் நிறை 1940களின் நடுப்பகுதி முதல் தொடர்ந்து அளக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகள் பாதுகாப்பு ஆண்டாகவும், மார்ச் 21ஆம் நாளை உலகப் பனியாறுகள் நாளாகவும் அறிவித்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஏரியின் நீர்மட்டத்தை மாதந்தோறும் ஒரே இடத்தில் அளந்து, ஓராண்டுக்கான வரவுசெலவு அட்டவணையை உருவாக்குக.
2. 'மிகைப்படுத்திய உண்மையும் ஐயத்திற்கே இடமளிக்கும்' – இக்கூற்றை வகுப்பறையில் கலந்துரையாடுக.