ஃபேன் பெல்ட் ஏன் கீச்சிடுகிறது?

காலையில் காரைக் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து 'கீச்' என்று ஓர் ஓசை எழுந்து, இரண்டொரு நிமிடங்களில் தானே அடங்கிவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். வண்டிக்காரர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சில நாட்களில் டாஷ்போர்டில் பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரியத் தொடங்கும். பிறகு ஒரு நாள் செல்ஃப் எடுக்காது. "ஆல்டர்னேட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பார் யாராவது ஒருவர். ஆல்டர்னேட்டரின் விலை ஆயிரக்கணக்கில். பெல்ட்டின் விலை நூற்றுக்கணக்கில். போனது எது என்பதை ஸ்பானரைத் தொடுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உங்கள் பள்ளி இயற்பியலே போதும்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். என்ஜின் தண்டின் முனையில் ஒரு புல்லி, தண்ணீர் பம்பும் விசிறியும் சேர்ந்த ஒரு புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி ஆகிய மூன்றையும் சுற்றி முக்கோணமாக ஒரே ரப்பர் பெல்ட் ஓடுகிறது. ஆல்டர்னேட்டருக்குள் ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்களில், 1831-இல் ஃபாரடே கண்ட மின்தூண்டலால், மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. சிலிக்கன் டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றி பாட்டரிக்கு அனுப்புகின்றன. பழைய டைனமோவை ஆல்டர்னேட்டர் வென்றதற்கு இந்த டயோடுகளே காரணம். அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் கார் 1960-இலேயே ஆல்டர்னேட்டருடன் வந்துவிட்டது.

ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டால் கார் உடனே நிற்பதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இரவில் இரண்டு ஹெட்லைட்டுகள் 120 வாட், அதாவது 10 ஆம்பியர் இழுக்கும். பின்விளக்குகள், இக்னிஷன், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 20 ஆம்பியர் வரை போகலாம். 40 ஆம்பியர்-மணி பாட்டரி கணக்குப்படி இரண்டு மணி நேரம் தாங்கும். நடைமுறையில் அதற்கு முன்பே விளக்குகள் மங்கும். மலைப்பாதையின் பாதி வழியில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட். என்ஜின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். பாட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தள்ள வேண்டுமானால் அதன் மின்னியக்கு விசையைவிடக் கூடுதலான அழுத்தம் தேவையல்லவா? என்ஜின் ஓடியும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் மின்னேற்றம் நடக்கவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது.

ஓடும் என்ஜினில் பாட்டரி முனையைக் கழற்றிப் பார்த்துச் சோதிப்பவர்களை நீங்கள் கண்டிருக்கலாம். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் திடீரென்று சுமை விலகினால் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் எகிறி டயோடுகளைப் பொசுக்கிவிடும். எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மின்னேற்றம் இல்லை என்று தெரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். சிவப்பு விளக்கோடு என்ஜின் சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். தண்ணீர் பம்பும் சேர்ந்து நின்றிருக்கும். அந்த நிலையில் ஓட்டக்கூடாது.

அறுந்திராவிட்டால்? அங்கேதான் கீச்சுக் குரலின் பொருளை ஆராய வேண்டும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் 30 ஆம்பியர் தருவதாகக் கொண்டால் 420 வாட். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் பெல்ட் ஏறத்தாழ 700 வாட் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். திறன் = விசை × வேகம். என்ஜின் நிமிடத்திற்கு 2000 சுற்று ஓடும்போது, இரண்டரை மடங்கு வேகத்தில் ஆல்டர்னேட்டர் 5000 சுற்று சுற்றுகிறது. அதன் புல்லியின் ஆரம் 3 செ.மீ. என்றால் பெல்ட்டின் வேகம் வினாடிக்கு 15.7 மீட்டர், தேவையான விசை 45 நியூட்டன். என்ஜின் ஸ்லோவில் 800 சுற்று ஓடும்போது வேகம் 6.3 மீட்டர்தான். அதே திறனைக் கொடுக்க 110 நியூட்டன் வேண்டும்! மெதுவாக ஓடும்போதுதான் பெல்ட்டின் மீது பாரம் அதிகம். காலையில் செல்ஃப் மோட்டார் உறிஞ்சிய மின்சாரத்தைப் பாட்டரி திரும்பப் பெறத் துடிக்கும் நேரமும் அதுவே. தளர்ந்த பெல்ட் அப்போது வழுக்குகிறது, கீச்சிடுகிறது. பாட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறைகிறது, ஓசை அடங்குகிறது.

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது? படகுத்துறையில் கயிற்றை மரத்தூணில் சுற்றிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு சுற்றுக்கு நம் விசை 6 மடங்குக்கு மேல் பெருகும். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 280 மடங்குக்கும் மேல். ஒரு சிறுவன் பெரிய படகையே நிறுத்திவிடலாம். கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த விதி இது. ஆனால் ஆல்டர்னேட்டர் புல்லியில் பெல்ட் அரைச் சுற்றுகூடப் படிவதில்லை. 115 பாகை அளவு படிந்தால், தட்டையான பெல்ட்டுக்குக் கிடைக்கும் பெருக்கம் 1.8 மடங்கே. அதனால்தான் பெல்ட்டை ஆப்பு வடிவில் செய்கிறார்கள். 36 பாகைப் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களிலும் அது நெருக்கிக்கொள்வதால் உராய்வு மூன்று மடங்குக்கு மேலாகி, பெருக்கம் 7 மடங்கை எட்டுகிறது.

தேய்ந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆப்பு போய்விடுகிறது. 110 நியூட்டன் விசைக்கு முன்பு தளர்பக்கத்தில் 18 நியூட்டன் இழுவிசை போதுமானதாக இருந்தது. இப்போது 137 வேண்டும். ஆகவே பெல்ட்டின் அடிப்பக்கமோ பள்ளத்தின் அடியோ பளபளப்பாக இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பெல்ட் நன்றாக இறுகியிருந்து, கம்பிகளும் அறுபடாமல் இருந்து, அப்போதும் 14 வோல்ட் வரவில்லையென்றால், ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லலாம்.

கழற்றும் வேலை பெரிதல்ல. பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும், விரலில் மோதிரம் கூடாது. காரின் உடலோடு இணைந்துள்ள பாட்டரி முனையை முதலில் கழற்றுங்கள். இன்றைய கார்களில் அது எதிர்முனை. ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த கம்பி பாட்டரியின் நேர்முனையிலிருந்து வருகிறது. சாவியை எடுத்தாலும் அதில் மின்னழுத்தம் இருக்கும். உங்கள் ஸ்பானர் அதையும் இரும்பு உடலையும் ஒருங்கே தொட்டால், பாட்டரியின் உள்தடை மிகச் சிறிது என்பதால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும். எதிர்முனை கழன்றிருந்தால் சுற்றே முழுமையாகாது.

எந்தக் கம்பி எங்கே என்று படம் வரைந்துகொண்டு அவற்றைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டையும், நீண்ட துளையுள்ள பட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, அதை என்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். புதியதில் புல்லியும் போல்ட்டுத் துளைகளும் பழையதைப் போலவே உள்ளனவா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொருத்திய பின் கட்டையால் நெம்பி வெளியே இழுத்துப் பிடித்து போல்ட்டுகளை முடுக்க வேண்டும். நெம்பும்போது முன்பக்க வார்ப்பில் ஊன்றுங்கள். நடுவில் ஊன்றினால் சுருள்கள் இருக்கும் பகுதி கெடும். நீளமான பக்கத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 10 முதல் 12 மி.மீ. தாழ வேண்டும். அதற்குக் குறைந்தால் பேரிங்குகள் தேயும். எதிர்முனையைக் கடைசியாக மாட்டி, என்ஜினை ஓட்டி, ஹெட்லைட்டையும் போட்டு, 14 வோல்ட் அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். புதிய பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் சற்று நீளும். மறுபடி இறுக்க வேண்டும். தானே இறுக்கிக்கொள்ளும் உருளை கொண்ட, பல வரிப்பள்ளப் பெல்ட் உள்ள புதிய கார்களில் இந்த வேலை இல்லை.

பழைய ஆல்டர்னேட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல சமயம் உள்ளே தேய்ந்திருப்பது இரண்டு சிறிய கரித்துண்டுகளான பிரஷ்கள் மட்டுமே. அவற்றைத் தனியாக மாற்றலாம். அதற்கும் ஆகாது என்றால் பள்ளி ஆய்வகத்திற்குக் கொண்டுபோங்கள். மூன்று சுருள்களையும் ஆறு டயோடுகளையும் பிரித்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு டயோடையும் இரு திசையிலும் சோதியுங்கள். இரு திசையிலும் மின்சாரத்தை விடும் டயோடு ஒன்று அகப்பட்டால், அந்தக் காரின் பாட்டரி இரவில் நின்ற இடத்திலேயே ஏன் தீர்ந்துபோனது என்பதும் விளங்கிவிடும்.