எல்லாருக்கும் திறந்த வாசல்

மதுரையில் சிறுவர் ஓடியாடி மகிழ ஏற்ற இடங்களுள் ஒன்று ராஜாஜி சிறுவர் பூங்கா. வைகையின் வடகரையில், காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்கு அருகே அமைந்த இப்பூங்காவிற்கு எங்கள் வகுப்பு மாணவியர் ஒருநாள் சென்றோம். ஊஞ்சலும் சறுக்குமரமும் அலுத்தபின், மரநிழலில் அமர்ந்து ஆசிரியைச் சகோதரியிடம் இவ்விடத்தின் வரலாற்றைக் கேட்டோம்.

அருங்காட்சியகக் கட்டடம் ஒரு காலத்தில் தமுக்கம் அரண்மனை. பேரனுக்காக 1689 முதல் ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாளின் கோடை மாளிகையாக அது போற்றப்படுகிறது. சாலைகளும் சத்திரங்களும் அமைத்த அந்தப் பெண்ணரசியின் பெயரை மதுரை இன்றும் மறக்கவில்லை. பின்னர் ஆங்கிலேய அதிகாரிகள் அம்மாளிகையில் குடியிருந்தனர். பொதுமக்கள் உள்ளே நுழைய முடியாத அவ்விடம், 1959 ஏப்ரல் 15ஆம் நாள் பண்டித நேரு திறந்துவைத்த அருங்காட்சியகமாக மாறி, எல்லாருக்கும் உரியதாயிற்று.

பூங்காவின் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோதுதான், 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அடைத்த கதவுகள் திறப்பதற்கு எத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது!

கோடையில் நம் ஊரின் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்குகிறது. மரங்கள் நிழல் தருவதோடு, இலைவழியே நீராவியை வெளிவிட்டுக் காற்றையும் குளிர்விக்கின்றன. மூடப்படாத மண் மழைநீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்புகிறது. அருகிலுள்ள தமுக்கம் மைதானத்தில் இன்று மாநாட்டு மையம் எழுந்துள்ளது. நகரில் கட்டடங்கள் பெருகப் பெருக, எஞ்சிய மண்ணும் மரமும் நமக்கு அருஞ்செல்வமாகின்றன.

புறப்படும் வேளையில் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் கடலை தின்று எறிந்த காகிதங்களை, வயது முதிர்ந்த துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். எவரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை; ஆயினும் வெட்கித் தலைகுனிந்தோம். ஓடிச்சென்று மீதியை நாங்களே பொறுக்கினோம். "நல்லா இருங்க, கண்ணுங்களா" என்று வாழ்த்தினார் அந்த அம்மா.

அரண்மனையைக் காக்க அரசிக்குக் காவலர் இருந்தனர். எல்லாருக்கும் உரிய பூங்காவுக்குக் காவலர் யார்? நாம்தாம், தோழியரே!