நான்கட்டாயும் ஆழாக்குக் கணக்கும்

தில்லியில் தள்ளுவண்டியில் கரித்தணல் வைத்துச் சுடச்சுட விற்கும் நான்கட்டாயை அறியாத நம்மவர் இல்லை. சூரத்தில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ரொட்டிக்கடையை ஏற்று நடத்திய ஃபராம்ஜி பெஸ்டன்ஜி தோத்திவாலா என்ற பார்சிக்காரரிடம் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். ‘நான்’ என்றால் பாரசீக மொழியில் ரொட்டி. முட்டை சேராததால் சைவ வீடுகளுக்கும் ஏற்றது.

பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. என் தாயார் எழுதித் தந்த நெய் பிஸ்கட் குறிப்பில், “மாவு இரண்டு ஆழாக்கு, நெய் பிடிக்கும் அளவு” என்றுதான் இருக்கிறது. ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லிலிட்டர். தில்லியில் நாம் அளக்கும் கடோரியோ வீட்டுக்கு வீடு வேறுபடும். மாவை அழுத்தி நிரப்பினால் ஒரே பாத்திரத்தில் எடை கூடும். ஆகவே நான் எல்லாவற்றையும் கிராமில் எழுதிக்கொண்டேன்.

தேவையானவை: மைதா 120 கிராம், கடலைமாவு 40, ரவை 15, பொடித்த சர்க்கரை 80, நெய் 100, தயிர் ஒரு தேக்கரண்டி, ஆப்பசோடா ஒரு சிட்டிகை, ஏலக்காய் நான்கு.

செய்முறை: நெய் உறைந்தும் உறையாமலும், விரலால் அழுத்தினால் குழியும் பதத்தில் இருக்கவேண்டும். அதைச் சர்க்கரையுடன் வெளுக்கும்வரை தேய்க்கவும். தயிர், சோடா, பொடித்த ஏலக்காய் சேர்த்து, மாவுகளைச் சலித்துப் போட்டு, ரவையையும் கலந்து ஒன்றுசேர்க்கவும். சப்பாத்தி மாவைப்போல் பிசையக்கூடாது. பிசைந்தால் மைதாவின் பசை இறுகி பிஸ்கட் கடினமாகும். அரைமணி நேரம் மூடிவைத்து, எலுமிச்சையில் பாதியளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடைவெளி விட்டு அடுக்கவும். சூடேற்றிய அவனில் 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் போதும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறியபின் மொறுமொறுப்பு வரும்.

அவன் இல்லாதவர்கள் அடிகனத்த இரும்பு வாணலியில் மணல் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, மூடிச் சூடேற்றிப் பிறகு தட்டை வைக்கலாம். சிறுதீயில் சுமார் அரைமணி ஆகும்.

தில்லியின் பருவத்தையும் கவனிக்கவேண்டும். ஜனவரியில் நெய் கல்லாக உறையும். சற்று வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும். மே மாதத்தில் எண்ணெயாக உருகும். அப்படியே கலந்தால் பிஸ்கட் பரந்து தட்டையாகிவிடும். குளிர்பெட்டியில் சிறிது வைத்து எடுக்கவும். “பிடிக்கும் அளவு” என்று நம் தாய்மார் எழுதியது இந்தப் பதத்தையும் சேர்த்துத்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சிறு தராசு ஒன்றை எடுத்துச்செல்லுங்கள். பாட்டி மாவை அள்ளிப் போடும்போதே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அளவு அந்தக் கையோடு போய்விடும். எழுதிவைத்தால்தான் இங்கே வளரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.