செய்தி கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு



2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன. செல்போன் மட்டும் மூடவே இல்லை. தொலைக்காட்சியில் மரண எண்ணிக்கை, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல் பதிவு. பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. பயம் கூடக் கூட இன்னும் பார்த்தோம். தூக்கம் போனது.

உலக சுகாதார நிறுவனம் அப்போதே அறிவுறுத்தியது: கவலை தரும் செய்திகளைக் குறையுங்கள், நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில், நம்பகமான இடத்தில் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் குறைஷிப் பெரியவர்களிடமும் ஆலோசித்தார்கள். மதீனாவுக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். செய்தி அவர்களுக்கு முடிவெடுக்கப் பயன்பட்டது. நமக்கோ பதறுவதற்கே பயன்பட்டது.

அச்சம் தரும் செய்தி வந்ததும் பரப்பிவிடாமல், ஆராய்ந்தறியக்கூடிய பொறுப்பாளர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் தரும் பாடம்.

எனவே இனி ஒரு நோய்ச் செய்தி வரும்போது உங்களையே கேளுங்கள்: இதனால் நான் இன்று செய்ய வேண்டியது என்ன? முகக்கவசமோ தடுப்பூசியோ, இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் போனை வைத்துவிட்டு உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். தனித்திருக்கும் உறவினரை அழைத்து நலம் விசாரியுங்கள். அப்படியும் பதற்றம் நீங்கவில்லையா? மருத்துவரிடம் செல்ல வெட்கப்படாதீர்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவானாக!