நோயாளர் நலச் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கமுதி வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து நோயாளர் நலச் சங்கங்களுக்குப் புது உறுப்பினர்களாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் இதை எழுதுகிறேன். சம்பளம் கிடையாது, படி கிடையாது. இருந்தாலும் ஊர்ப் பொறுப்புகளில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்தச் சங்கம் எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1994-இல் சூரத்தில் பிளேக் பரவி நாடே கலங்கியது. அந்தச் சமயத்தில் இந்தூரின் பெரிய அரசு மருத்துவமனையான மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலிகள் மண்டிக் கிடந்தன. மாவட்ட நிர்வாகமும் ஊராரும் சேர்ந்து நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள், எலிகளை ஒழித்தார்கள், கட்டடம் முழுவதையும் கழுவித் திறந்தார்கள். கழுவியதை அப்படியே காப்பாற்ற ஊராரும் இருக்கிற ஒரு குழு வேண்டும் என்று அங்கே பிறந்ததுதான் ரோகி கல்யாண் சமிதி. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது அந்த முறை நாடு முழுவதற்கும் வந்தது. நம் மாநிலத்தில் அதற்கு நோயாளர் நலச் சங்கம் என்று பெயர். ஒரு துடைப்பத்தில் ஆரம்பித்த சங்கம் இது.

நான் சொல்லப்போவதெல்லாம் ஒன்றுக்குள் அடக்கம். சங்கக் கூட்டத்துக்கு வரமுடியாத ஒருவருடைய இடத்தில்தான் நீங்கள் உட்காருகிறீர்கள்.

1. உங்கள் வீட்டு வைத்தியத்தை அந்த நிலையத்திலேயே பாருங்கள்.

பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி, உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை, மருமகளுக்குக் கர்ப்பகாலச் சோதனை எல்லாம் அங்கேயே நடக்கட்டும். காய்ச்சல் வந்ததும் மதுரைக்குக் கார் எடுக்கிறவர் நம் வட்டாரத்துப் பெருநாழிக்காரருக்கோ மண்டலமாணிக்கத்துக்காரருக்கோ எதைக் கேட்டு வாங்கித் தருவார்? அமெரிக்காவில் அரசு நிதி பெறும் சமூக சுகாதார நிலையங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 விழுக்காட்டினர் அந்த நிலையத்திலேயே வைத்தியம் பார்க்கிறவர்களாக இருக்க வேண்டும். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை நாமே அதை விதியாக வைத்துக்கொள்ளலாம்.

2. முன்வாசல் வழியாகப் போங்கள்.

உறுப்பினர் ஆனதும் டாக்டர் அறைக்கு நேரே போய் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரத் தோன்றும். வேண்டாம். கூட்டம் அதிகமுள்ள ஒரு காலை நேரத்தில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மருந்து வாங்கும் ஜன்னல்வரை போய்ப் பாருங்கள். எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழுகிறதா, மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று எழுத்துத் தெரியாத பாட்டிக்கு யாராவது எடுத்துச் சொல்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். காலை வண்டியில் வந்தவர் எந்த வண்டிக்குத் திரும்பியாக வேண்டும் என்றும் கேளுங்கள். வண்டியைப் பிடிக்க மருந்து வாங்காமலே எழுந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்தப் புகார்ப் பெட்டியிலும் எழுதிப் போட்டதில்லை.

3. பணத்தை உங்கள் வீட்டுப் பணம்போலக் கணக்குப் பாருங்கள்.

தேசிய நலவாழ்வுக் குழும விதிப்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,75,000 வரை தளைகளற்ற நிதி, அதாவது தேவை பார்த்து நிலையமே முடிவுசெய்து செலவழிக்கும் நிதி, உண்டு. பெரிதாகத் தெரியும். 365 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 480 ரூபாய்கூட வராது. அதிலும் ஒதுக்கீடு முழுவதும் வந்து சேர்ந்ததா, எந்த மாதம் வந்தது என்று பார்க்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் வந்த பணத்தை மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகச் செலவழித்தால் வேண்டாத பொருள்தான் வந்து சேரும். அதனால் வேண்டியவற்றின் பட்டியலைச் சித்திரையிலேயே எழுதி, முதலில் எது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்தி வையுங்கள்.

நம் பக்கத்தில் அந்தப் பட்டியலில் முதல் வரி தண்ணீராகத்தான் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வரும். பிரசவம் ஆன பெண்ணை 48 மணி நேரம் நிலையத்திலேயே வைத்துக் கவனிக்க வேண்டும் என்கிறோம். அவள் உடம்பு கழுவ நல்ல தண்ணீர் இல்லையென்றால் விடிந்ததும் கிளம்பத்தான் பார்ப்பாள். பெரிய தொட்டி, சுத்திகரிப்புக் கருவி, வராத நாளுக்கு டேங்கர், இந்த மூன்றுக்கும் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

அடுத்தது கரண்ட். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, குளிர்பெட்டி வெப்பநிலையைக் காலையும் மாலையும் ஏட்டில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நம் ஊரில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் மைத்துனர் கடை அதில் ஒன்றாக இருந்தால், அந்தத் தீர்மானத்தின்போது வெளியே போய் நில்லுங்கள். நோயாளியிடம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வாங்கினால் நிதி பெருகுமே என்று யாராவது சொல்வார்கள். இந்தூரில் வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கித்தான் அந்தக் குழு நடந்தது, அது உண்மை. ஆனால் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பேச்சை எடுத்த இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

யாராவது நன்கொடை தந்தாலும், மின்விசிறி இறக்கையில் அவர் பெயர் எழுதுவதற்கு நான் ஒத்துக்கொண்டதில்லை.

4. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, அது எந்த மாதம் காலாவதி ஆகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். கருவேலங்காட்டில் விறகு வெட்டுகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், மிளகாய்த் தோட்டத்தில் விடியுமுன் தண்ணீர் கட்டுகிறவர் எல்லாரும் நம் ஆட்கள். நாய்க்கடி ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்பார்கள் என்று தெரிந்தால் இருப்பு குறையாது.

5. வேலை செய்கிறவர்களுக்கு நீங்கள் துணை.

டாக்டரை மிரட்டுவதற்காக உங்களை யாரும் உறுப்பினர் ஆக்கவில்லை. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதில் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். இரவு முழுக்கத் தனியாக விழித்திருக்கும் செவிலியருக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா, வெளி விளக்கு எரிகிறதா, குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவனைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் உங்கள் வேலை. கிராம சுகாதார செவிலியரிடம் எந்தக் கிராமத்துக்குப் பேருந்து இல்லை என்று கேளுங்கள். துப்புரவுப் பணியாளரிடம் கட்டாயம் பேசுங்கள். மஞ்சள் பை, சிவப்புப் பை என்று மருத்துவக் கழிவைத் தரம்பிரிக்கிறவர் அவர்தான், பயன்படுத்திய ஊசி முதலில் குத்துவதும் அவரைத்தான். தடித்த கையுறை வாங்கும் தீர்மானத்தை அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டே போடுங்கள். ஒரு கூட்டத்தில் அப்படிக் கூப்பிட்டபோது, அந்தம்மா உட்காரத் தயங்கி நின்றார். உட்காரச் சொன்னோம். பிறகு, நாங்கள் யாரும் அதுவரை கவனித்திராத மூன்று விஷயங்களைச் சொன்னார்.

6. பார்த்ததை வெளியே சொல்லாதீர்கள்.

நம் ஊர் சிறிய ஊர். யார் வீட்டுப் பெண் எதற்காக வந்தாள், யாருக்குக் காசநோய், யார் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டுத் தூக்கி வரப்பட்டார் என்பதெல்லாம் உங்கள் கண்ணில் படும். அதை உங்கள் வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லக் கூடாது. ஒரு சொல் டீக்கடைக்குப் போனால், அடுத்த பெண் நிலையத்துக்கு வராமலே இருந்துவிடுவாள். அவள் ஏன் வரவில்லை என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. நோயாளிகளின் சீட்டையும் ஏட்டையும் கையில் எடுத்துப் புரட்டவே வேண்டாம். மொத்த எண்ணிக்கை போதும்.

7. சாதிக்கு ஓர் உறுப்பினர் என்று சங்கத்தைப் பிரிக்காதீர்கள்.

இதைக் கமுதியில் உட்கார்ந்து சொல்கிறேன் என்பதால் சுற்றிவளைக்கவில்லை. இந்த ஊர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று 1897-இல் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் முடிந்தது. நுழையக் கூடாது என்றே தீர்ப்பு வந்தது. அந்த ஊரில் இன்று ஒரே பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்து ஒரே ஜன்னலில் மாத்திரை வாங்குகிறோம். அந்தப் பெஞ்சைக் காப்பாற்றுவது சங்கத்தின் முதல் வேலைகளில் ஒன்று. யார் முதலில் உள்ளே போகிறார், யார் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், யாரைத் தொட்டுப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். வித்தியாசம் தெரிந்தால் கூட்டத்தில் பெயர் சொல்லாமல், நடந்ததை மட்டும் எழுத்தில் வையுங்கள்.

8. பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுக்கும் நாட்களில் காலைக் கூட்டத்துக்கு எந்தத் தாயும் வரமாட்டாள். கையெழுத்துக்கு மட்டும் நோட்டை வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வீட்டுக்கு வந்த நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், தாயி. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கூட்டத்திலேயே போடுங்கள்.

9. சுற்றுச்சுவருக்கு வெளியே பாருங்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பயூ என்ற கறுப்பின மக்களின் ஊரில் 1960-களில் ஜாக் கைகர் என்ற மருத்துவர் ஒரு சமூக சுகாதார நிலையத்தைத் தொடங்கினார். குழந்தைகள் பசியால் நோயுற்று வந்தன. நிலையத்தின் மருந்துச் சீட்டில் உணவுப்பொருளை எழுதி மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செலவு மருந்துக் கணக்கில் போனது. மேலிடம் ஆட்சேபித்தபோது, பசிக்கு மருந்து சோறுதானே என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அங்கே கிணறும் கழிப்பறையும்கூட நிலையத்தின் வேலையாக இருந்தன. நம் நாட்டிலும் 1946-இலேயே போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு, கிராமந்தோறும் ஊராரே நடத்தும் ஒரு சுகாதாரக் குழு வேண்டும் என்று எழுதியது.

நம்மிடம் அப்படிச் செலவழிக்கப் பணம் இல்லை, விதியும் இடம் தராது. ஆனால் கேட்கும் வாய் இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து வயிற்றுப்போக்கு அடிக்கடி வந்தால் அந்தத் தெருக் குழாயை ஊராட்சியில் போய்க் கேளுங்கள். கரிமூட்டப் புகையில் இருமுகிறவர்களையும், முள் குத்திய காலோடு நாள்கணக்கில் நடந்துவிட்டு ஊசி போட வருகிறவர்களையும் பற்றி மருத்துவ அலுவலரிடம் பேசி, அந்த ஊர்களுக்கே ஒரு முகாம் வைக்கச் சொல்லுங்கள். வீடு தேடி மாத்திரை கொடுக்க 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே, அந்தப் பட்டியலில் உங்கள் கிராமத்தில் படுக்கையில் கிடப்பவர் பெயர் இருக்கிறதா?

10. தீர்மானப் புத்தகத்தில், போன கூட்டத்தில் எடுத்த முடிவு என்னவாயிற்று என்பதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே எழுதட்டும், யாரிடம் நிற்கிறது என்றும் எழுதட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் இந்த மாதம் நிலையத்துக்குப் போக நினைத்தும் போக முடியாமல் இருந்தவர் யார், என்ன காரணம் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். பெயர் உங்களோடு இருக்கட்டும். காரணத்தைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.